தரவுத்தளத்தை எங்கிருந்து நிறுவுவது? லினக்ஸின் சொந்தக் களஞ்சியம், வெளிக் களஞ்சியம், டாக்கர்: ஓர் ஒப்பீடு

மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியின் கொள்முதல் கணக்கு, ராமேசுவரத்தில் ஒரு விடுதியின் அறைப் பதிவேடு, கீழக்கரையில் ஒரு கல்லூரி ஆய்வகம் என எந்த இடத்துக்கு லினக்ஸ் கணினியில் தரவுத்தளம் அமைக்கப் போனாலும், அமைப்பவர் முதல் நாளிலேயே ஒரு கேள்வியில் தடுக்கி நிற்கிறார். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள் தம் களஞ்சியத்தில் (மென்பொருள்களை இறக்கிக்கொள்ளும் இணையச் சேமிப்பிடம்) வைத்திருக்கும், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் பொதியையே (நிறுவத் தயாரான தொகுப்பு) நிறுவிவிடலாமா, போஸ்ட்கிரெஸ் குழுவினர் தனியாக நடத்தும் களஞ்சியத்தைக் கணினியில் சேர்த்து அங்கிருந்து நிறுவ வேண்டுமா, அல்லது எல்லாவற்றையும், மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் பிரித்து ஓட்டும் டாக்கருக்குள் வைத்துவிடலாமா என்பதே அந்தக் கேள்வி. கேட்பவர்களில் பெரும்பாலோர் "எது சுலபம்?" என்றுதான் கேட்கிறார்கள். இணைப்பு ஓரளவு நன்றாக இருந்தால் மூன்றும் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் நிறுவப்பட்டுவிடும் என்பதால், நிறுவும் நாளின் சுலபத்தை வைத்துத் தேர்வு செய்வதில் பொருளில்லை. அமைத்தவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போன பிறகு, அந்தக் கணினியை அதுவரை பார்த்திராத ஒருவர் அதன் முன் உட்காரும்போது எது சுலபமாக இருக்கும் என்பதையே இக்கட்டுரை அளவுகோலாகக் கொள்கிறது.

ஒற்றைக் கணினியில் ஒரே ஆள் பயன்படுத்தும் கடைக் கணக்குக்கு இந்த மூன்றுமே தேவையில்லை. ஒரே கோப்பில் அடங்கிவிடும் எஸ்கியூலைட் போதும். பல கணினிகள் ஒரே நேரத்தில் எழுதும் இடங்களுக்கு உரியதே இனி வருவது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது, பாதுகாப்புத் திருத்தங்கள் யாரும் நினைவூட்டாமலே கணினிக்கு வந்து சேருமா என்பது. கணினியை மாதந்தோறும் கவனிக்க ஆள் இல்லாத இடத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குக் கூடுதல் எடை தர வேண்டும். இரண்டாவது, இயங்குதளத்தை அடுத்த பதிப்புக்கு உயர்த்தும் நாளில் தரவுத்தளத்துக்கு என்ன நேரும் என்பது. மூன்றாவது, யாரை நம்புகிறோம் என்பது. ஒரு பொதி நிறுவப்படும்போது அதனுள்ளிருக்கும் ஸ்கிரிப்டுகள் ரூட் என்ற முழு நிர்வாக அதிகாரத்துடன் ஓடுகின்றன, ஆகவே ஒரு களஞ்சியத்தைச் சேர்ப்பது கணினியின் முழு அதிகாரத்தையும் அதன் பொறுப்பாளர்களிடம் ஒப்படைப்பதாகும். நான்காவது, உப்புக்காற்றில் கணினி திடீரென்று இறந்துபோனால் வேறு கணினியில் எவ்வளவு விரைவில் மீண்டெழ முடியும் என்பது. இவற்றுடன், தேவையான பதிப்பு கிடைக்கிறதா என்பதும், இணைப்பு மெதுவாக இருக்கும் இடத்தில் எவ்வளவு இறக்க வேண்டியிருக்கும் என்பதும் சேரும்.

| அளவுகோல் | லினக்ஸின் சொந்தக் களஞ்சியம் | தரவுத்தளக் குழுவின் களஞ்சியம் | டாக்கர் |
|---|---|---|---|
| தானியங்கித் திருத்தம் | பெரும்பாலும் தானாகவே வரும் | நாமாக அமைத்தால் மட்டும் | இல்லை. படிமத்தை (டாக்கர் ஓட்டும் மென்பொருள் தொகுப்பு) புதிதாக இறக்க வேண்டும் |
| இயங்குதளம் உயரும்போது | பழைய பதிப்பு தேங்கி நிற்கலாம் | களஞ்சியம் முடக்கப்படும். பதிப்பு நம் கையில் | பெரும்பாலும் பாதிப்பில்லை |
| நம்பிக்கை | ஏற்கெனவே நம்பியவர்களே | கூடுதலாக ஒரு தரப்பு | படிமத்தை உருவாக்கியவர், டாக்கர் இரண்டும் |
| பதிப்புத் தேர்வு | ஒன்றே ஒன்று | ஆதரவில் உள்ள அனைத்தும் | ஏறத்தாழ அனைத்தும் |
| இறக்கும் அளவு | சில பத்து மெகாபைட் | ஏறத்தாழ அதே | நூறு மெகாபைட்டுக்கு மேல் |

## லினக்ஸின் சொந்தக் களஞ்சியம்

உபுண்டு 22.04 உடன் போஸ்ட்கிரெஸ் 14-ம், 24.04 உடன் 16-ம் வருகின்றன. டெபியன் 12 உடன் 15-ம், டெபியன் 13 உடன் 17-ம் வருகின்றன. அந்த இயங்குதளத்தின் ஆயுள் முழுவதும் அதே பெரும்பதிப்பே (14, 15 போன்ற முதன்மை எண்) நீடிக்க, திருத்தங்கள் மட்டும் உள்ளே வந்துகொண்டிருக்கும். தானியங்கித் திருத்தச் சேவை இயல்பாகக் கவனிப்பது இயங்குதளத்தின் பாதுகாப்புக் களஞ்சியத்தைத்தான். எனவே இந்த வழியில் நிறுவிய தரவுத்தளம் யாரும் தொடாமலே திருத்தம் பெறுகிறது. ஆளில்லாத இடத்துக்கு இதைவிடப் பெரிய வசதி வேறெதுவும் இல்லை என்பது என் கருத்து.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. உபுண்டுவில் போஸ்ட்கிரெஸும், மற்றொரு தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லும், உபுண்டுவை வெளியிடும் கனானிகல் நிறுவனம் நேரடியாகப் பொறுப்பேற்கும் மெயின் பிரிவில் உள்ளன. மைஎஸ்கியூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபி, சமூகத்தினர் பராமரிக்கும் யுனிவர்ஸ் பிரிவில் உள்ளது. யுனிவர்ஸ் பொதிகளுக்கான பாதுகாப்புத் திருத்தங்களை உறுதியாகப் பெற உபுண்டு புரோ சந்தா வேண்டும். அது தனிப்பட்ட பயன்பாட்டில் சில கணினிகளுக்கு இலவசம் என்றாலும், பதிவு செய்து இணைத்தாக வேண்டும். டெபியனில் நிலைமை வேறு: மைஎஸ்கியூஎல்லின் இடத்தில் மரியாடிபியே இயல்பாக இருக்கிறது. ஆகவே மரியாடிபிதான் வேண்டும் என்று முடிவு செய்தவர் உபுண்டுவைவிட டெபியனைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இந்தச் சிறு முடிவு வெளிக் களஞ்சியத்தின் தேவையையே பல இடங்களில் நீக்கிவிடும்.

இரண்டாவது செலவு இயங்குதளத்தை உயர்த்தும் நாளில் தெரியவரும். உபுண்டு 22.04-ஐ 24.04-க்கு உயர்த்தினால் போஸ்ட்கிரெஸ் 16 புதிதாக வந்து சேரும். ஆனால் தரவு பழைய 14-இலேயே இருக்கும். 14 வழக்கம்போல் 5432 என்ற வாயிலில் (செயலிகள் வந்து இணையும் எண்) ஓடிக்கொண்டிருக்க, வெறுமையான 16 அடுத்த வாயிலான 5433-இல் எழுந்து நிற்கும். செயலி எந்தப் பிழையும் காட்டாமல் வேலை செய்வதால் யாருக்கும் ஐயம் எழாது. எழாத காரணத்தால், இனி எந்தத் திருத்தமும் வராத 14-இன் மேல் கணக்கு ஆண்டுக்கணக்கில் ஓடும். டெபியன் குடும்பத்தில் தரவுக் கொத்துகளை (ஒரு பதிப்பு நடத்தும் தரவுத் தொகுதி) பட்டியலிடவும் ஒரு பெரும்பதிப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றவும் பிஜி எல்எஸ்கிளஸ்டர்ஸ், பிஜி அப்கிரேட்கிளஸ்டர் என்ற கட்டளைகள் தயாராகவே உள்ளன. இயங்குதளத்தை உயர்த்திய அன்றே முதல் கட்டளையை ஒரு முறை இட்டுப் பார்ப்பது போதும்.

## தரவுத்தளக் குழுவின் களஞ்சியம்

இங்கே முதலில் ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். போஸ்ட்கிரெஸ் உலகளாவிய குழு நடத்தும் பிஜிடிஜி களஞ்சியமும், மரியாடிபி, மைஎஸ்கியூஎல், மோங்கோடிபி ஆகியவற்றின் அதிகாரபூர்வக் களஞ்சியங்களும் ஒரு வகை. யாரோ ஒரு தனிநபர் தன் தேவைக்காகக் கட்டிப் பொதுவில் வைத்திருக்கும் பிபிஏ வேறொரு வகை. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஓராண்டில் ஆர்வம் இழந்து விட்டுவிட்டால் கேட்க ஆளில்லை. தரவுத்தளத்துக்கு இரண்டாம் வகையைப் பரிசீலிக்கவே வேண்டாம்.

முதல் வகைக்குள்ளும் சுலபத்தில் ஏற்றத்தாழ்வு உண்டு. பிஜிடிஜி களஞ்சியத்தைச் சேர்க்கும் ஸ்கிரிப்ட், டெபியனும் உபுண்டுவும் தரும் போஸ்ட்கிரெஸ் பொதுப் பொதிக்குள்ளேயே இருக்கிறது; ஆகவே ஏற்கெனவே நம்பும் இடத்திலிருந்தே புதிய நம்பிக்கைக்கான வழி தொடங்குகிறது. மரியாடிபியும் ஒரு ஸ்கிரிப்ட் தருகிறது. ஆனால் அதை இணையத்திலிருந்து இறக்கிய கையோடு ரூட்டாக ஓடவிடுவதே வழக்கமாகிவிட்டது. இறக்கிக் கோப்பாக வைத்து ஒரு முறை படித்துப் பார்த்து ஓட்டுவதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். ராக்கி, அல்மா போன்ற ரெட்ஹாட் குடும்பத்தில் இன்னும் இரண்டு படிகள் உள்ளன: இயங்குதளத்தின் சொந்தப் போஸ்ட்கிரெஸ் மாட்யூலை முடக்காமல் பிஜிடிஜி பொதியை நிறுவ முடியாத பதிப்புகள் உண்டு, நிறுவிய பிறகும் தரவுக் கொத்தை நாமே தொடங்கிவைக்க வேண்டும். டெபியன் குடும்பத்தில் இவ்விரண்டும் தேவையில்லை.

மோங்கோடிபிக்கு இந்த வழியைத் தவிர்ப்பது கடினம். 2018 அக்டோபரில் அதன் உரிமம் மாறியபின் டெபியன், ஃபெடோரா, ரெட்ஹாட் ஆகியவை அதைத் தம் களஞ்சியங்களிலிருந்து நீக்கிவிட்டன. மேலும் 5.0 பதிப்பு முதல் அது ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுதி உள்ள பிராசஸரைக் கேட்கிறது. பழைய பென்டியம், செலரான் கணினியை இரண்டாம் கையாக வாங்கி வைத்திருப்பவர்களுக்கு, களஞ்சியம் சரியாகச் சேர்ந்து, பொதியும் சரியாக இறங்கி, சேவை மட்டும் எழாமல் நிற்கும். அந்தக் கணினியில் போஸ்ட்கிரெஸ் தடையின்றி ஓடும்.

இனி இந்த வழியின் மறைவான செலவுகள். கணினி அமைப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தானியங்கித் திருத்தச் சேவை வெளிக் களஞ்சியத்தைத் தொடாது. அதன் அமைவுக் கோப்பில் அனுமதிக்கப்பட்ட மூலங்களின் பட்டியலில் அந்தக் களஞ்சியத்தின் பெயரை நாமே எழுதினாலொழிய, புதிய பதிப்புக்காக வெளிக் களஞ்சியத்துக்குப் போனவர், சொந்தக் களஞ்சியத்தில் இருந்தவரைவிடப் பழைய மென்பொருளில் உட்கார்ந்திருப்பார்.

பொதிகள் அங்கிருந்தே வந்தவை என்று உறுதிசெய்யும், களஞ்சியத்தின் கையொப்பச் சாவி காலாவதியாகும். மைஎஸ்கியூஎல் களஞ்சியத்துக்கு 2022-இலும் 2023-இலும் புதிய சாவிகள் வந்தன. பழைய சாவியையே வைத்திருந்த கணினிகளில் புதுப்பித்தல் பிழையுடன் நின்றது. தரவுத்தளம் தொடர்ந்து ஓடும். திருத்தம் மட்டும் வராது. சாவியை வைக்கும் முறையும் மாறிவிட்டது: எல்லாச் சாவிகளையும் ஒரே பொது வளையத்தில் கோக்கும் ஆப்ட்கீ கட்டளை கைவிடப்பட்டு, ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் தனிச் சாவிக் கோப்பைச் சுட்டும் சைன்டுபை முறை வந்திருக்கிறது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்பவர்கள் இன்னும் முதல் முறையையே பின்பற்றுகிறார்கள். அதில் சேர்த்த ஒரு சாவி மற்ற எந்தக் களஞ்சியத்துக்கும் செல்லுபடியாகும்.

சைன்டுபை முறை சாவியைத்தான் கட்டுப்படுத்துகிறது. அந்தக் களஞ்சியம் எந்தெந்தப் பொதிகளைத் தரலாம் என்பதை அது கட்டுப்படுத்தாது. தரவுத்தளத்துக்காகச் சேர்த்த களஞ்சியத்தில் வேறொரு பொது நூலகத்தின் உயர்ந்த பதிப்பு எண் இருந்தால், அடுத்த புதுப்பித்தலில் அதுவே கணினிக்குள் நுழையும். இதைத் தடுப்பது முன்னுரிமைக் கோப்பு: அந்தக் களஞ்சியம் முழுவதற்கும் குறைந்த முன்னுரிமையும், நமக்கு வேண்டிய சில பொதிகளுக்கு மட்டும் உயர்ந்த முன்னுரிமையும் எழுதி வைக்க வேண்டும். எந்தப் பொதி எங்கிருந்து வரப்போகிறது என்பதை ஆப்ட் பாலிசி கட்டளை காட்டும்.

உபுண்டுவை அடுத்த பதிப்புக்கு உயர்த்தும்போது வெளிக் களஞ்சியங்கள் அனைத்தும் தானாக முடக்கப்படுகின்றன. உயர்த்தி முடித்தபின் புதிய இயங்குதளப் பெயரை எழுதி மறுபடி இயக்குவது நம் வேலை. இதற்கு மாறாக, இயங்குதளத்தை உயர்த்தாமலே காலம் கடத்தினாலும் சிக்கல்தான்: ஆதரவு முடிந்த இயங்குதளங்களைப் பிஜிடிஜி தன் முதன்மைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக் காப்பகத்துக்கு மாற்றிவிடும்; ஒரு நாள் புதுப்பித்தல் கட்டளை, முகவரியே இல்லை என்று சொல்லும்.

இவ்வளவு செலவையும் ஏற்கத் தகுந்த காரணங்கள் உள்ளன. ஒன்று, தரவுத்தளத்தின் பதிப்பை இயங்குதளத்தின் பதிப்பிலிருந்து பிரித்துவிட முடிவது. பிஜிடிஜி, ஆதரவில் உள்ள ஒவ்வொரு பெரும்பதிப்பையும் ஆதரவில் உள்ள ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் கட்டித் தருகிறது. ஒவ்வொரு பெரும்பதிப்புக்கும் ஐந்தாண்டு ஆதரவு உண்டு. இதன் அருமை கணினி இறக்கும் நாளில் புரியும். மின்வழங்கி எரிந்துபோன கணினியிலிருந்து வட்டை மட்டும் கழற்றி எடுத்தோம், டம்ப் (தரவு முழுவதையும் எழுதிவைத்த நகல் கோப்பு) எதுவும் இல்லை, அதில் இருப்பது போஸ்ட்கிரெஸ் 14-இன் தரவுக் கோப்புறை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோப்புறையை 14 மட்டுமே திறக்கும். புதிதாக வாங்கிய கணினியில் 24.04 இருந்தால் அதன் சொந்தக் களஞ்சியத்தில் 16 மட்டுமே உண்டு. பிஜிடிஜியிடம் அதே 24.04-க்கான 14 கிடைக்கும். தினமும் டம்ப் எடுத்து வேறு இடத்தில் வைப்பவருக்கு இந்த வசதி தேவைப்படாது, ஏனெனில் 14-இன் டம்பை 16 ஏற்றுக்கொள்ளும்.

மற்றொரு காரணம், தமிழில் பெயர்களைச் சேமிக்கும் எவருக்கும் நேரடியாகப் பொருந்துவது.

## தமிழ் அகரவரிசை

யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் குறியெண்கள் நம் அகரவரிசையில் இல்லை. நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே குறியெண் வரிசையை அப்படியே பின்பற்றும் தரவுத்தளம், 'கமலா' என்ற பெயருக்கு முன்பே 'கனகா' என்ற பெயரை வைக்கும். படகு உரிமையாளர் பட்டியலை அச்சிட்டுச் சுவரில் ஒட்டினால் பெயரைத் தேடுபவர்கள் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். இயங்குதளத்தின் மொழியமைவு வெறும் சி என்றோ சி யூடிஎஃப்8 என்றோ இருக்கும்போது தரவுத்தளம் உருவாக்கப்பட்டால் இந்த நிலை வரும்.

மொழிவாரி வரிசைகளைத் தரும் ஐசியூ என்ற நிரல் நூலகத்தின் தமிழ் வரிசை இதைச் சரிசெய்கிறது. ஆனால் ஒரு தரவுத்தளம் முழுவதற்கும் ஐசியூவை இயல்பு வரிசையாக அமைக்கும் வசதி போஸ்ட்கிரெஸ் 15-இல்தான் வந்தது. 14-இல் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். உபுண்டு 22.04-இல் இருந்துகொண்டு தமிழ்ப் பதிவேடு நடத்துபவருக்கு இது ஒன்றே வெளிக் களஞ்சியத்துக்குப் போதுமான காரணம். 24.04-இலோ டெபியன் 12-இலோ இருப்பவருக்கு அந்தக் காரணமும் இல்லாமல் போகிறது.

## டாக்கர்

பதிப்பு எண்ணைக் குறித்தால் அந்தப் பதிப்பு வந்து நிற்கும். வேண்டாம் என்றால் சுவடின்றி நீக்கலாம். ஒரே கணினியில் 14, 16, 17 மூன்றையும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்ட வேண்டிய கல்லூரி ஆய்வகத்துக்கும், செயலி எழுதுபவரின் மடிக்கணினிக்கும் இதுவே முதல் தேர்வு. இணைப்பு மெதுவான ஆய்வகத்தில் படிமத்தை ஒரு கணினியில் இறக்கி, கோப்பாகச் சேமித்து, பென்டிரைவில் மற்ற கணினிகளுக்கு எடுத்துச் செல்லலாம்.

கணக்கு ஓடும் கணினியில் இதை வைப்பதற்கு நான் தயங்குகிறேன். டாக்கர் தன் வாயில்களைத் திறக்கும்போது தீச்சுவர் விதிகளை நேரடியாக எழுதுவதால், உபுண்டுவின் தீச்சுவர்க் கருவியான யூஎஃப்டபிள்யூ மூலம் 5432-ஐ மூடிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவரின் தரவுத்தளம் வெளியே திறந்திருக்கக்கூடும், உள்முகவரியான 127.0.0.1-உடன் மட்டும் பிணைக்க வேண்டும் என்பதை அறிந்தவர்தான் அமைக்க வேண்டும். லேட்டஸ்ட் என்ற குறியுடன் இறக்கியவர், ஒரு நாள் படிமத்தைப் புதுப்பிக்கும்போது பெரும்பதிப்பு மாறி, பழைய தரவைத் திறக்க மறுக்கும் சேவையைக் காண்பார். தரவு, பெயரிட்ட வால்யூமில் (டாக்கர் தரவைச் சேமிக்கும் இடம்) இல்லாமல் பெயரற்ற வால்யூமில் இருந்தால், இடம் காலிசெய்யும் ஒரு கட்டளையில் அது போய்விடலாம். அளவு சிறியது என்பதற்காக ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் மேல் கட்டிய படிமத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், ஐசியூவைக் குறிப்பிட்டு அமைக்காவிட்டால், மேலே சொன்ன அகரவரிசையை இழக்கிறார்கள், ஏனெனில் அதன் அடிப்படை நூலகம் மொழிவாரி வரிசையைக் கவனிப்பதில்லை; டெபியன் அடிப்படையிலான படிமத்தில் உருவான தரவை ஆல்பைனுக்கு மாற்றினால் அட்டவணைக் குறியீடுகளே பிழையாகும், அவற்றை மறுபடி கட்ட வேண்டிவரும். இத்தனைக்கும் மேல், டாக்கரின் அண்மைப் பதிப்பை நிறுவவே பெரும்பாலோர் ஒரு வெளிக் களஞ்சியத்தைத்தான் சேர்க்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

தனிப் பொதிக் கோப்பை இறக்கி நிறுவுவது, மூல நிரலிலிருந்து தொகுப்பது ஆகிய இரண்டையும் நீளமாகப் பேச வேண்டியதில்லை. இரண்டிலும் அடுத்த திருத்தம் எப்போது வந்தது என்று கணினிக்கே தெரியாது.

## எந்த இடத்துக்கு எது

மீன் கம்பெனி, ஐஸ் பிளான்ட், படகு உரிமையாளர் சங்கம் போன்ற, கணினிக்கென்று தனி ஆள் இல்லாத இடங்களில் டெபியன் அல்லது உபுண்டுவின் சொந்தப் பொதியும், தானியங்கித் திருத்தமும், ஒவ்வொரு இரவும் கணினிக்கு வெளியே போய்ச் சேரும் டம்பும் போதும். விடுதிக்கும் அதுவே, விடுதி மென்பொருளை விற்றவர் குறிப்பிட்ட பதிப்பைக் கேட்டால் மட்டும் அதிகாரபூர்வக் களஞ்சியம், அதுவும் சாவி எங்கே இருக்கிறது, முன்னுரிமைக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது, தானியங்கித் திருத்தப் பட்டியலில் களஞ்சியம் சேர்ந்திருக்கிறதா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கணினிப் பெட்டியின் மேலேயே ஒட்டிவைத்துவிட்டு. இடம்சார் தரவுக்கான போஸ்ட்ஜிஐஎஸ் நீட்சியின் புதிய பதிப்பைக் கேட்கும் ஆய்வுப் பணிகளுக்குப் பிஜிடிஜி தெளிவான தேர்வு.

பெரும்பதிப்பு மாற்றத்துக்கான நாளையும் இந்தக் கடற்கரையின் நாட்காட்டியை வைத்தே குறிக்க வேண்டும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள். மீன் கம்பெனியின் பதிவுகள் அப்போது குறைவாக இருக்கும். போஸ்ட்கிரெஸின் சிறு திருத்தங்கள் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் வருவது வழக்கம், எனவே மே மாதத் திருத்தம் வெளியான பிறகு மாற்றத்தை வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே முறையில் முடியும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளான எல்டிஎஸ் இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வந்தாலும், ஏற்கெனவே எல்டிஎஸ்ஸில் இருப்பவர்களுக்கு அதற்கு உயரும் வழி முதல் திருத்தப் பதிப்பு வெளியாகும் ஆகஸ்ட் வாக்கில்தான் திறக்கிறது. ஆகவே உயர்த்துவதற்கு அடுத்த ஆண்டின் தடைக்காலமே பொருத்தம். ராமேசுவரம் விடுதிகளுக்குத் தடைக்காலக் கணக்கு பொருந்தாது. அங்கே கோடை விடுமுறையும், ஆடி, மகாளய, தை அமாவாசைகளை ஒட்டிய நாள்களும் விலக்க வேண்டியவை. ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்வதானால் மழைக்காலத்து மின்தடையை எண்ணி, யூபிஎஸ் பேட்டரியைச் சோதித்த பிறகே தொடங்க வேண்டும்.